வலப்பக்கம் சாய்ந்த பை

ஜனவரி 9

என் நொட்டாங்கை ராணிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் பாப்பாவும் சுகம். மாமாவுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவரை விட்டு அது எங்கே போகும்? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? விடுதிக்குப் போனதும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றாயே, அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆலையில் கயிறு திரிக்கப் போனவளா, ஜெயிலுக்குப் போனவளா நீ?

நீ கொடுத்துவிட்ட துண்டுக் கயிற்று மூட்டை வந்தது. என் சுண்டுவிரல் தடிமனுக்கு இருக்கிறது, இதில் கொக்கி ஊசியால் குரோஷாப் பின்னல் போடு என்கிறாய். பாப்பாவுக்குத் தினமும் தோளில் மாட்ட ஒரு பை வேண்டும். கடைப் பை எல்லாம் மூன்றே மாதத்தில் வாரோடு பிய்ந்துவிடுகிறது. எப்படிப் போடுவது என்று எழுது. ஆனால் ஒன்று, நீ எனக்கு எதிரே உட்கார்ந்து போட்டால்தான் எனக்குப் புரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்து உன் எழுத்தை மட்டும்தான் வலது கைக்கு மாற்றினார்கள். ஊசியை இடது கையிலிருந்து மாற்ற யாராலும் முடியவில்லை.

பாப்பா படிப்பை முடித்துவிட்டு வீட்டை அளந்துகொண்டிருக்கிறாள். சித்தி வேலை பார்க்கும் ஆலைக்கே போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், ருசியைப் பற்றிக் கேட்காதே. மாமாவின் முதுகுக்கு என் விசாரிப்பைச் சொல்.

முதலில் பதினாறு சங்கிலி போடு. அதைச் சுற்றி ஒற்றைக் கண்ணியாகப் போய்க்கொண்டே இரு. இரண்டு முனையிலும் ஒரே இடத்தில் மூன்று கண்ணி விழ வேண்டும். நான்கு சுற்று போனால் முட்டை வடிவத்தில் அடிப்பாகம் வந்துவிடும். நான் இடமிருந்து வலமாகப் போவேன், நீ வலமிருந்து இடமாகப் போ. என் கண்ணிகள் இடப்பக்கம் சாயும், உன்னுடையவை வலப்பக்கம் சாயும். பயப்படாதே, பை பைதான். என் வேலையைப் பார்த்துப் போட வேண்டுமானால் கண்ணாடியில் காட்டிப் பார்த்துக்கொள்.

என்னை நாலாம் நம்பர் முறுக்கு மெஷினில் விட்டிருக்கிறார்கள். மூன்று இழையைச் சேர்த்துக் கயிறாகத் திரிக்கும் மெஷின். அதன் முன்னால் ஒரு கம்பிவலை மூடி உண்டு. இழை அறுந்தால் மூடியைத் திறந்து, முடிச்சுப் போட்டு, மறுபடி மூட நேரமாகிறது என்று கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். வாயால் பேசுவதை விட ஊதுவதுதான் அதிகம்.

பாப்பா தாராளமாக வரட்டும். நானும் அவளும் ஒரே அறையில் இருந்தால் எனக்கும் பொழுது போகும். மே மாதம் ஆள் எடுப்பார்களாம்.

அன்புத் தங்கை

பிப்ரவரி 6

என் ராணிக்கு,

எல்லோரும் சுகம். நீ சொன்ன அடிப்பாகம் தொப்பியாக வந்திருக்கிறது. மாமா தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தான் இருக்கு, வெயிலுக்கு ஆச்சு"ங்கிறார். சிரிக்காதே. கயிறு இழுத்து இழுத்து என் கட்டைவிரல் சிவந்து போய், பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூடியைக் கழற்றிவிட்டார்கள் என்று சந்தைக்குப் போன கதை மாதிரி எழுதுகிறாய். நீ அவசரக்காரி. இழை அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். மெஷின் நின்ற பிறகு கையை நீட்டு. அந்த விசில் ஊதினால் ஊதட்டும்.

பாப்பா இப்போதே பெட்டியைத் தூசி தட்டிவிட்டாள்.

அக்கா

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். தொப்பியானதற்குக் காரணம் உன் கஞ்சத்தனம். முனைகளில் மூன்று கண்ணிக்குப் பதில் இரண்டோடு நிறுத்தியிருப்பாய். பிரித்துவிட்டுப் போடு. அடி தட்டையாக வந்ததும் ஒரே ஒரு சுற்று மட்டும் கண்ணியின் பின்பக்க இழையில் குத்திப் போடு. அங்கே பை மடங்கி நிமிரும். பிறகு கூட்டாமல் குறைக்காமல் இருபது சுற்று. இறுக்கமாகப் போடு அக்கா. லூசாகப் போட்டால் இரண்டு தேங்காய் வைத்ததும் முழங்காலுக்குத் தொங்கும். கைப்பிடியைக் குட்டையாகவே வை, இழுக்க இழுக்க அதுவாக நீளும்.

என் பக்கத்து மெஷினில் இருக்கும் நெட்டைக்குப் போன வாரம் சட்டைக்கை மாட்டிக்கொண்டது. கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள், ஒரு நகத்தோடு போயிற்று. விசில் வந்து பார்த்துவிட்டு, "கவனம் வீட்டுல இருந்தா கை இப்படித்தான் ஆகும்"னு சொல்லிட்டுப் போனான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் ஊதலையே பிடுங்கி மெஷினில் போட்டிருப்பேன்.

இன்னொரு செய்தி. இனிமேல் கடிதங்களை ஒட்டாமல் ஆபீஸில் கொடுக்க வேண்டுமாம். வருவதையும் வார்டன் அம்மா பிரித்துப் பார்த்துத்தான் தருவாராம். இந்தக் கடிதத்தை மட்டும் நெட்டை வெளியே போகும்போது போடுகிறாள். அதனால் மாமாவின் குறட்டையைப் பற்றி இனி எழுதாதே, ஊரெல்லாம் தெரிந்துவிடும்.

அன்புத் தங்கை

மார்ச் 30

என் ராணிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்றுதான் தெரியவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆபீஸ் போனுக்கு அடித்தால் வார்டன் அம்மா எடுத்து, "நல்லா இருக்காம்மா, வேலையில இருக்கா"ன்னு வெச்சிடறாங்க. மூன்று தடவையும் அதே பேச்சு, ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பையின் பக்கச்சுவர் பதினோரு சுற்று ஏறிவிட்டது. நிமிர்ந்து நிற்கிறது. இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள ஆளில்லாமல் இருக்கிறேன். என் மேல் ஏதாவது கோபமா? கோபமென்றால் நாலு வரி திட்டியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வேலை அதிகம் இருந்ததால் கடிதம் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

இப்போது என்னைக் கயிற்றுச் சுருள்களுக்குச் சீட்டு ஒட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. நிர்வாகம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறது. பாப்பாவுக்கு ஆபீஸிலிருந்து படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பூர்த்தி செய்து, அசல் சான்றிதழ்களோடு அவள் வரட்டும். நல்ல இடம்.

நானும் ஒரு பை போட்டு முடித்தேன். பார்சலில் வருகிறது. அதைப் பார்த்துப் போட்டுக்கொள். இனிமேல் நீ என் எதிரே உட்கார வேண்டாம் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். பையை நிதானமாகப் பார். ஒவ்வொரு கண்ணியாகப் பார். பாப்பா புறப்படுவதற்கு முன்னால் பார்.

இப்படிக்கு,
தங்கை

மே 11

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இது என் தங்கை எழுதியதா இல்லை முனிசிபாலிட்டி எழுதியதா என்று மாமாவிடம் கேட்டேன். கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் "மன்னிக்கவும்" என்று எனக்கு எப்போது எழுதியிருக்கிறாய் நீ? மனசு கஷ்டமாக இருந்தது. பெரிய ஆலைக்காரி ஆனதும் அக்காவோடு பேச வார்த்தை குறைந்துவிட்டது போலிருக்கிறது.

பார்சல் வந்தது. பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பாப்பாவின் படிவம், சான்றிதழ், புதுத் துணி என்று அலைச்சலோ அலைச்சல். இருபதாம் தேதி புறப்படுகிறாள். நான் போட்ட பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள். முடித்துவிட்டேன், உன் பையைப் பார்க்காமலேயே. அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

குழந்தையைப் பார்த்துக்கொள். அதையும் நான் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

அக்கா

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பையை ஏன் இன்னும் பார்க்கவில்லை? ஆணியிலிருந்து இறக்கிக் கையில் வைத்துப் பார். உன் பைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். இன்றே பார். வேலை எப்படி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

தங்கை

மே 24

என் ராணிக்கு,

பாப்பா நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசக் கொடுக்கச் சொன்னேன். "பயிற்சியில இருக்கா"ன்னாங்க. உன் பதினாறாம் தேதிக் கடிதம் அவள் வண்டி ஏறிய மறுநாள்தான் எனக்குக் கிடைத்தது.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. தட்டு எடுத்து வைக்கும்போது மூன்றாகவே வைக்கிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இன்று காலை உன் பையை இறக்கினேன். எனக்காக ஒன்று போடலாம் என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். என்னவென்று சொல்ல! தண்ணீர்பட்ட பாடாக வருகிறது. நீ குத்திய இடத்தில் நான் குத்துகிறேன், நீ திரும்பிய பக்கம் நானும் திரும்புகிறேன். கண்ணாடியே தேவைப்படவில்லை. நாற்பது வயதில் அக்காவுக்குக் கை தேறிவிட்டது என்று ஒத்துக்கொள். ஆனால் உன் பையில் ஆங்காங்கே கண்ணிகள் தொளதொளவென்று இருக்கின்றன, கைப்பிடி கோணல். நீயா இப்படிப் போட்டாய்? என்னை இறுக்கமாகப் போடச் சொல்லிவிட்டு!

தபால்காரர் எடுத்துப் போகும் நேரம். மீதியை நாளை எழுதுகிறேன்.

அக்கா

மே 24, மாலை
(தபாலில் போடாதது)

இதை உனக்கு அனுப்ப முடியாது. வார்டன் பிரிப்பாள். ஆனாலும் உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, மறுபடி ஊசியை எடுத்தேன். ஐந்தாவது சுற்றில் கை நின்றுவிட்டது. கண்ணாடி ஏன் தேவைப்படவில்லை? என் கண்ணி வலப்பக்கம் சாய்கிறது. உன் பையிலும் எல்லாக் கண்ணியும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அடியிலிருந்து கைப்பிடி வரை ஒன்றுகூட உன் பக்கம் சாயவில்லை. அந்தப் பையை வலது கையால் போட்டிருக்கிறாய். ஸ்கேல் அடிக்கெல்லாம் மசியாத நீ, ஊசியை வலது கைக்கு மாற்றியிருக்கிறாய்.

உன் இடது கை எங்கேயடி?

பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்று எழுதினாய். ஒவ்வொரு கண்ணியாகப் பார் என்று எழுதினாய். நான் வீம்பு பிடித்துக்கொண்டு ஆணியில் மாட்டி வைத்தேன். என் பெண்ணை நானே தலை வாரிவிட்டு அனுப்பி வைத்தேன்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். பாப்பாவின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பெண்ணை அனுப்புங்கள் என்றேன். "ரெண்டு மாசம் முடியாம யாரையும் அனுப்பறதில்லம்மா, சான்றிதழெல்லாம் ஆபீஸ்ல இருக்கு"ன்னு குழந்தைக்குச் சொல்ற மாதிரி வார்டன் சொல்றா. மாமாவிடம் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வெளியே போனார். லாரியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளை வரை தண்ணீர் நடை இருக்கிறது, நாளை மறுநாள் காலைதான் லாரி எங்கள் கைக்கு வரும். உடனே புறப்படுகிறோம். பயமாக இருக்கிறது.

மே 25

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவது பாப்பா. முதலில் அவள் இரண்டு கையையும் பார்த்துக்கொள். பத்து விரலும் இருக்கிறது. பார்த்த பிறகு மேலே படி.

பிப்ரவரி கடைசியில் நடந்தது. நாலாம் நம்பரில் இழை அறுந்தது. விசில் ஊதினான். வழக்கம்போல என் இடது கைதான் முந்திக்கொண்டு போனது. இப்போது கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும் மிச்சம். ஆறு வாரம் ஆலை வைத்தியரின் அறையிலேயே வைத்திருந்தார்கள். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். எழுதுகிற கை நன்றாக இருக்கிறதே, போட வேண்டியதுதானே என்றார்கள்.

இன்னொரு காகிதத்திலும் போட்டேன். என் இடத்துக்கு என் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தால் என்னைச் சான்றிதழோடு விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். "வரட்டும்" என்று நான்தான் எழுதினேன் அக்கா. பையைப் பற்றிய வரிகள் தவிர, வார்டன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னது உண்மை. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது. வெளியே போய்விட வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தது.

அந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே, கையெழுத்துப் போட்ட பயத்தில் பையைப் போட்டிருந்தேன். மிச்சமிருந்த கையால் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குத்தி இழுத்தேன். தடித்த கயிறு என்பதால் முடிந்தது. மெல்லிய நூலென்றால் கண்ணி நிற்காது. வார்டன் பையை உள்ளும் புறமும் திருப்பி, காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்குப் பையைப் படிக்கத் தெரியவில்லை. அக்கா பார்த்துவிடுவாள் என்று நினைத்தேன். பார்க்காவிட்டால் அது என் தப்பில்லை என்றும் நினைத்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாப்பா கேட்டுக்குள் நுழைந்து, "சித்தி!"ன்னு ஓடி வந்தபோது நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

நாளை அவளை நாலாம் நம்பரில் விடுகிறார்கள், அதன் பிறகுதான் என்னை வெளியே விடுவார்களாம். மூடி இன்னும் மூலையில்தான் இருக்கிறது. இன்று மதியம் காய்கறி வண்டி வெளியே போகிறது. கூடைகளுக்குப் பின்னால் ஒருத்திக்குத்தான் இடம். "நீயும் வா சித்தி"ன்னு அழுகிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்கெடுப்பாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், நோட்டைத்தான் பார்ப்பாள். பாப்பாவின் பெயருக்கும் நான் குரல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் காலை வரை யாரும் தேட மாட்டார்கள். காலையில் தேடும்போது பாப்பா உன்னிடம் இருப்பாள்.

என்னை மன்னிக்க வேண்டாம். மாமாவை மட்டும் என்னோடு பேசச் சொல்.

தங்கை

மே 27
(கேட்டில் கொடுத்தது)

இதை முதலில் பிரிக்கும் வார்டன் அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பெண் நேற்று விடியற்காலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளைத் தேட வேண்டாம். அவள் சான்றிதழ்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் அப்பா தண்ணீர் லாரியை உங்கள் கேட்டின் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கயிறு ஏற்றிய வண்டிகள் உள்ளே மூன்று, வெளியே இரண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கின்றன. அடிக்கட்டும்.

காலையிலிருந்து என் தங்கையைக் கேட்கிறேன். காவலாளி ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே, வேலைக்கே சேரலையே"ங்கிறார். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு வரியில் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது, பசை இன்னும் காயவில்லை. உங்கள் சூப்பர்வைசர் வந்து என் முகத்துக்கு நேரே விசில் ஊதிவிட்டுப் போனார். நான் நகரவில்லை.

தங்கச்சி, இது உன் கைக்கு வந்தால் படி. பாப்பா கொண்டுவந்த உன் கடிதத்தைப் படித்ததும் உன்னை அறைந்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. வழியெல்லாம் லாரியில் திட்டிக்கொண்டேதான் வந்தேன். பாதி உன்னைத் திட்டினேன், பாதி என்னைத் திட்டிக்கொண்டேன். மாமா உன்னோடு பேசுவார். நானும் பேசுவேன். நீ வெளியே வா, மீதியை நேரில் சண்டை போட்டுக்கொள்வோம்.

வார்டன் அம்மா, மணி ஐந்தரை ஆகிறது. ஆறு மணிக்கு நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவீர்களாமே. இன்றைக்கு விடுதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நோட்டில் அவள் பெயர் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். நான் இங்கேதான் நிற்கிறேன். என் தங்கையின் குரல் எனக்குத் தெரியும்.

அவளுடைய அக்கா